விளக்கில் வீழும் வெண்பூச்சி

உயிர்க்கொலை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன வாளும் வலையும் தூண்டிலுமே. கொல்லவேண்டும் என்னும் எண்ணமும், கொல்லும் கருவியும், கொல்லப்படும் உயிரும் ஒருங்கே நிற்குமிடத்தில் அறத்தின் தீர்ப்பு ஐயத்திற்கு இடமின்றி அமைந்துவிடுகிறது. ஆனால் எவரும் கொல்ல எண்ணாத இடத்தில், எவர் கையிலும் கருவி இல்லாத வேளையில், வழிச்செல்வோர் நன்மைக்கென்றே ஏற்றப்பட்ட ஒரு விளக்கினால் இலட்சக்கணக்கான உயிர்கள் மடியுமாயின், அதனை எவர் கணக்கில் எழுதுவது? இவ்வினாவை நாம் தருக்கத்தின் பொருட்டு எழுப்பவில்லை. ஹங்கேரி நாட்டில் டான்யூப் ஆற்றின்மேல் நிற்கும் ஒரு பாலத்தில் இது மெய்யாகவே எழுந்தது. அங்கு மடிந்த உயிரைப்பற்றி முதலில் சிறிது அறிந்துகொள்வோம்.

மே ஈ என்றும் ஒருநாட்பூச்சி என்றும் வழங்கப்பெறும் இவ்வுயிரை நம்மவர் பலர் ஈசல் என்றே கருதிவிடுவர். இரண்டும் வேறு. ஈசல் கறையான் குலத்தது, புற்றிலிருந்து எழுவது, இறகு உதிர்ந்தபின்னும் இணையாய் மண்ணுட் புகுந்து ஆண்டுக்கணக்கில் வாழவல்லது. ஒருநாட்பூச்சியோ நீரில் பிறந்து, நீரில் வளர்ந்து, இறகு பெற்றபின் சிறுபொழுதே வாழ்ந்து மறைவது. இக்குலத்தில் பல பேரினங்கள் உண்டு. அவற்றுள் எஃபோரான் என்னும் ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கிறோம்.

1802-ஆம் ஆண்டில் வில்லியம்சன் என்னும் அறிஞர், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்துப் பசாயிக் ஆற்றின்மேல் பறந்த வெள்ளைப்பூச்சியை ஆராய்ந்து, அதற்கு எஃபோரான் லூக்கான் எனப் பெயரிட்டார். லூக்கான் எனில் கிரேக்கத்தில் வெண்மை. அதே கண்டத்தின் மற்றொரு சிற்றினத்திற்கு ஆல்பம் என்று பெயர்; இலத்தீனில் அதுவும் வெண்மையே. ஐரோப்பிய ஆறுகளில் வாழ்வதற்கு விர்கோ, அதாவது கன்னி, என்று பெயர். ஜப்பானில் வாழ்வது ஷிகே எனப்படும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானிய ஆறுகள் சிலவற்றில் இப்பூச்சியின் ஆண்களே இல்லை. பெண்கள் துணையின்றியே முட்டையிட, அவை பொரித்து மீண்டும் பெண்களாகவே வளர்கின்றன. கன்னி என்னும் பெயர் உண்மையில் ஜப்பானியச் சிற்றினத்திற்கன்றோ பொருந்தும்!

இச்சிற்றினங்கள் நாட்டால் வேறுபடினும் வாழ்க்கைமுறை பெரும்பாலும் ஒன்றே. கோடையின் இறுதியில் ஆற்றில் இடப்பெறும் முட்டைகள் அடியில் தங்கிக் குளிர்காலம் முழுவதையும் அசைவின்றிக் கழிக்கின்றன. அக்குளிர் அவற்றிற்கு இடையூறு அன்று. குளிர் பட்டால்தான் பின்னர்ப் பொரிக்கும் தகுதி வருகிறது. இளவேனிலில் நீர் வெதுவெதுப்பானதும் வெளிவரும் இளம்பூச்சி ஆற்றடியில் வளை தோண்டி அதனுள் வாழ்கிறது. தன் செவுள்களை இடையறாது அசைத்து வளையினுள் நீரோட்டத்தை உண்டாக்கி, அந்நீரில் மிதந்துவரும் நுண்துகள்களை வடிகட்டி உண்கிறது. பல முறை தோலுரித்து வளர்ந்து, கோடை முடியும் தறுவாயில், அந்தி மயங்கும் நேரத்தில், ஆயிரமாயிரமாய் ஒருசேர நீர்மட்டத்திற்கு எழுகிறது. நீர்ப்பரப்பிலேயே தோலைக் கிழித்துக்கொண்டு இறகோடு வெளிப்படுகிறது.

இறகு முளைத்தபின்னும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சி இவ்வுலகில் ஒருநாட்பூச்சிக் குலம் ஒன்றே. எஃபோரானில் ஆண் மட்டுமே அவ்விறுதித் தோலை உரிக்கிறது. பெண்ணுக்கு அதற்கும் பொழுதில்லை. உரிக்காத தோலுடனேயே கூடி, முட்டையிட்டு, இறந்துபோகிறது. இறகு பெற்ற நிலையில் இதற்கு உணவு இல்லை. வாய் பயனற்றுப்போக, குடலில் காற்றே நிறைந்திருக்கிறது. கால்களும் வலுவிழந்தவை, எங்கேனும் அமர்ந்து இளைப்பாறுவோம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒன்று அல்லது இரண்டு மணி நேரம், நம் பழங்கணக்கில் கூறின் இரண்டரை முதல் ஐந்து நாழிகை, இதுவே அதன் வான்வாழ்வு. கருவுற்ற பெண் உடனே முட்டையிடுவதில்லை. ஆற்றின் போக்கிற்கு எதிராக, நீர்ப்பரப்பையொட்டி மேல்நோக்கி நெடுந்தொலைவு பறக்கிறது. ஏனெனில் முட்டைகளும் இளம்பூச்சிகளும் நீரோட்டத்தால் கீழ்நோக்கி அடித்துச் செல்லப்படுபவை. தாய் மேலேறிச் சென்று முட்டையிடாவிடில், சில தலைமுறைகளில் அந்த இனம் ஆற்றின் மேற்பகுதியை இழந்துவிடும்.

நம் ஆகமங்கள் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்தன என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். ஈயும் வண்டும் விளக்கில் வீழும் விட்டிலும் நாற்புலன் உயிர்கள். தொல்காப்பியமும் நாலறிவுக்குத் தும்பியை எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஒருநாட்பூச்சியை இவ்வரிசையில் வைப்பதில் நமக்குத் தயக்கம் இல்லை. கண் அதற்கு உண்டு. அக்கண்ணே அதற்குக் காலனாகவும் அமைந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இனி, இவ்வுயிரைப்பற்றிப் பேசும்போதெல்லாம் எழும் ஒரு கூற்றை முதலில் எதிர்கொள்ளவேண்டும். எப்படியும் ஒரு மணி நேரத்தில் இறக்கப்போகும் உயிர்தானே, அது சற்று முன்னர் இறந்தால் என்ன குறை என்பதே அக்கூற்று. கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். ஆயினும் இதே அளவுகோலை மருத்துவர் கைவிட்ட ஒரு முதியவரிடம் கொண்டுசென்று பாருங்கள். இன்னும் ஒரு நாளே அவருக்கு உண்டு என்பதனால் அந்த ஒரு நாளைப் பறிக்கும் உரிமை எவருக்கேனும் வந்துவிடுமோ? ஆயுள் வினை ஒவ்வோர் உயிருக்கும் தனித்தனி அளவு வைத்தது. யானையின் அளவால் எறும்பின் ஆயுளை அளப்பது பிழை. நம் கடிகாரத்தால் ஒருநாட்பூச்சியின் ஆயுளை அளப்பதும் அவ்வாறே.

அன்றியும், ஒரு மணி நேர வாழ்வு என்னும் சொல்லே உண்மையைப் பாதி மறைப்பது. முட்டையாய் ஒரு குளிர்காலமும், இளம்பூச்சியாய் ஒரு கோடையும் வாழ்ந்த உயிர் அது. அதன் ஆயுள் ஏறக்குறைய ஓராண்டு. அவ்வோராண்டின் உழைப்பனைத்தும் அந்த ஒரு மணி நேரத்திற்காகவே. உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி, களையெடுத்து, கதிர் முற்றிய வயலில் அறுவடைக்கு முதல்நாள் தீ வைத்தவன், “ஒரு நாள் வேலைதானே போயிற்று” என்று கூறினால் உழவன் ஒப்புவானா? முட்டையிடுமுன் ஒரு பெண்பூச்சி வீழ்ந்தால், அதனுடன் நூற்றுக்கணக்கான முட்டைகளும் வீழ்கின்றன.

இவ்வுயிரின் குறுவாழ்வை நீதி புகட்டப் பயன்படுத்தியவர் பலர். டச்சு நாட்டு அறிஞர் சுவாமர்டாம் 1675-இல் வெளியிட்ட நூல், எஃபோரானுக்கு உறவான மற்றோர் ஒருநாட்பூச்சியின் வாழ்வை மனித வாழ்வின் சித்திரமாகவே காட்டியது. ஆயினும் அவர் அப்பூச்சியை அறுத்து, அதன் உட்கூறுகளை வியக்கத்தக்க நுட்பத்துடன் வரைந்தவர். அறவுரைக்கிடையில் பூச்சியும் அங்கே காணக்கிடைக்கிறது. ஒரு நூற்றாண்டுக்குப்பின், 1778-இல், அமெரிக்கத் தூதராய்ப் பிரான்சில் இருந்த பெஞ்சமின் பிராங்ளின், சேன் ஆற்றுத் தீவொன்றில் இப்பூச்சிகளைக் கண்டபின் ஒரு சிறு கட்டுரை வரைந்தார். சில மணி நேரமே வாழ்ந்து முதுமையடைந்த ஒரு பூச்சி, தன் புகழும் உழைப்பும் என்னாகும் என்று வருந்துவதாக அதில் எழுதினார். நகைச்சுவை மிக்க கட்டுரைதான். ஆனால் அதில் பேசுவது பிராங்ளினேயன்றிப் பூச்சியன்று.

நாமும் இதற்கு விலக்கல்லர். பன்னிரு சிந்தனைகளில் முதலாவதாகிய நிலையாமையைச் சிறுவர்க்கு விளக்கும்போது நீர்க்குமிழியையும் மின்னலையும் ஈசலையும் எடுத்துக்காட்டுகிறோம். அதில் தவறில்லை. எனினும் அச்சிந்தனை, நம் செல்வமும் உடலும் நில்லா என நாம் உணர்வதற்கு ஏற்பட்டது. பிற உயிரின் ஆயுள் சிறிது, ஆதலால் அற்பம் என மதிப்பதற்கு ஏற்பட்டதன்று. குமிழிக்கு உயிரில்லை. பூச்சிக்கு உண்டு. இரண்டையும் ஒரே உவமையில் கட்டிவைத்துப் பழகியதால், இவ்வேறுபாடு நம் நெஞ்சில் சற்று மங்கிவிட்டதோ என்று ஐயுறுகிறோம்.

ஒளியை நாடி இப்பூச்சிகள் வருவதைப் பண்டே மனிதர் கண்டிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரேமூர், 1742-இல் வெளிவந்த தம் பூச்சியியல் நூலின் ஆறாம் தொகுதியில், தம் தோட்டத்து ஆற்றுப்படிகளில் தீப்பந்தத்தைச் சூழ்ந்து அவை மழைபோற் பொழிந்ததையும், படிகள் பல விரற்கடை உயரத்திற்கு அவற்றால் மூடப்பட்டதையும் எழுதியுள்ளார். வியந்தவர் சிலர், விலை பேசியவர் பலர். எல்பே ஆற்றங்கரையில் இரவில் தீ மூட்டி, வந்து வீழ்ந்தவற்றை அள்ளி உலர்த்தி, கூண்டுப் பறவைகளுக்கு இரையாக விற்றனர். பிரான்சின் சாவோன் ஆற்றங்கரையில் விளக்கு வைத்துப் பிடித்துத் தூண்டில் இரையாக்கினர். இது எண்ணிச் செய்த கொலை. சங்கற்ப ஹிம்சை என்று நம் நூல்கள் கூறுவதும், இல்லறத்தார்க்கும் முற்றிலும் விலக்கப்பட்டதும் இதுவே. இதனைப்பற்றி மேலும் ஆராய வேண்டுவது ஒன்றுமில்லை.

ஆராய வேண்டுவது பின்னர் நேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆறுகள் ஆலைக்கழிவாலும் நகர்க்கழிவாலும் கெட்டன. பல இடங்களில் எஃபோரான் அறவே மறைந்தது. பின்னர் அந்நாட்டினர் கழிவுநீரைத் தூய்மைசெய்து விடத் தலைப்பட்டனர்; ஆறுகள் தெளிந்தன. ரைன் ஆற்றில் 1990-களின் தொடக்கத்தில் வெண்பூச்சிகள் மீண்டும் பெருந்திரளாய் எழுந்தன. ஹங்கேரியின் டான்யூபில் பல பத்தாண்டுகள் காணப்படாதிருந்து 2012-இல் திரும்பின. தான் கெடுத்ததைத் தானே திருத்திய மனிதனை இங்கே பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அவை இல்லாதிருந்த காலத்தில் ஆற்றின்மேல் பாலங்கள் பெருகியிருந்தன. பாலங்களில் மின்விளக்குகள் நின்றன. புடாபெஸ்ட் நகருக்கு வடக்கே தஹிதோட்ஃபலு என்னும் ஊரில், டான்யூபின் கிளையொன்றைக் கடக்கும் பாலத்தில், திரும்பி வந்த பூச்சிகள் விளக்குகளைச் சூழ்ந்தன. ஏறத்தாழ இரண்டு வாரம் இரவுதோறும் இலட்சக்கணக்கில் வந்தன. ஹங்கேரிய ஆய்வாளர்கள் அங்கு ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட முடிவு நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. விளக்கைச் சூழ்ந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பெண்கள். அதாவது முட்டைகளைச் சுமந்துகொண்டு ஆற்றின் மேல்நோக்கிப் பறந்துகொண்டிருந்த தாய்மார்கள்.

ஏன் அவை விளக்கிலிருந்து மீண்டும் ஆற்றிற்குத் திரும்பவில்லை? இதற்கு விடை தார்ச்சாலையில் இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, கிடைமட்டமாக மட்டுமே அதிரும் தன்மையைப் பெரிதும் பெறுகிறது. இதனை இயற்பியலார் தளவிளைவு என்பர். நம் கண்ணுக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை. ஒருநாட்பூச்சியின் கண்ணுக்குத் தெரியும். அதற்கு நீர் என்பதன் அடையாளமே இவ்வொளிதான். கருமையும் வழுவழுப்பும் கொண்ட தார்ச்சாலையும் இதே ஒளியைத் தருகிறது, அதுவும் நீரைவிட மிகுதியாக. ஒருநாட்பூச்சிகள் உலர்ந்த தார்ச்சாலையில் முட்டையிடும் காரணத்தை ஹங்கேரியர் 1998-லேயே கண்டறிந்திருந்தனர். பாலத்தில் இரண்டும் ஒன்றுசேர்ந்தன. விளக்கு அவற்றை ஆற்றிலிருந்து மேலே இழுத்தது. சாலை “நானே ஆறு” என்று அழைத்தது. ஓராண்டு காத்துச் சுமந்த முட்டைகளைச் சக்கரங்கள் உருளும் தாரின்மேல் இட்டு அவை மாண்டன.

இக்கொலையை எவ்வகையில் வைப்பது? எண்ணிச் செய்வது, இல்லறக் காரியங்களில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என ஹிம்சையை நான்காகப் பகுத்த நம் ஆசாரியர்கள், இல்லறத்தார் முதலாவதை முழுதும் விடவேண்டும் என்றும், ஏனையவற்றை விழிப்புடன் இயன்றமட்டும் குறைக்கவேண்டும் என்றும் விதித்தனர். பாலத்து விளக்கு முதல்வகையைச் சார்ந்ததன்று என்பது வெளிப்படை. பாலம் கட்டுதலும் விளக்கேற்றுதலும் வாழ்க்கைக்கு வேண்டிய காரியங்கள். அவற்றில் நேரும் இழப்பு இல்லறத்தார்க்குப் பொறுக்கப்பட்ட வகையில் சேரும் என்று ஒருவர் வாதிடலாம். 1998-க்கு முன்னர் இவ்வாதத்தை நாமும் மறுத்திருக்கமாட்டோம். காரணம் அறியாதபோது எவரைக் குறைசொல்வது?

ஆயினும் ஹிம்சையின் வேர் அசட்டையில் உள்ளது என்பதே நம் நூல்களின் துணிபு. கண்ணால் தரையை நோக்கி நடக்கும் துறவியின் காலடியில் அறியாது ஓர் உயிர் மடிந்தால் அவர்மேல் கொலைப்பழி இல்லை. நோக்காது நடப்பவன் ஓர் உயிரையும் மிதிக்காவிடினும் அவன் ஹிம்சை புரிந்தவனே. இவ்வளவையின்படி, அறிவு வந்த நாள்தொட்டு விளக்கின் நிலை மாறிவிடுகிறது. அதே விளக்கு, அதே சாலை, அதே பூச்சி; ஆனால் நேற்று அறியாமையால் நேர்ந்தது இன்று அசட்டையால் நேர்வதாகிறது. அறிவியல் நம் பாவத்தைக் கூட்டிவிட்டது என்று இதனால் எவரும் வருந்தவேண்டியதில்லை. பார்க்கும் கண்ணை அது நமக்குத் தந்திருக்கிறது.

விளக்கை ஏற்றியவர் நகராட்சியார். நமக்கென்ன என்பதும் நில்லாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் ஒன்றே என்று கற்றவர்கள் நாம். அவ்வொளியில் நடந்து, அதற்கு வரி செலுத்தி, இன்னும் இரண்டு விளக்கு வேண்டும் என மனுக் கொடுப்பவர் மூன்றாவதிலும் இரண்டாவதிலும் நிற்கின்றனர்.

எதிர்வாதங்களில் வலுவுடையது ஒன்றே. இருண்ட பாலத்தில் மனிதர்க்கு ஊறு நேராதா? நேரும். மனித உயிரைப் பணயம் வைத்துப் பூச்சியைக் காக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால் இவ்விரண்டும் எப்போதும் எதிரெதிர் நிற்கின்றன என்பது சரிபார்க்காத எண்ணம். ஜப்பானில் ஷிகே சிற்றினம் பாலங்களின்மேல் பனிபோல் குவிந்து கிடக்க, அதில் வண்டிகள் வழுக்கிய செய்திகள் உண்டு. அங்கே மனிதனைக் காக்க ஏற்றிய விளக்கே மனிதனுக்கும் இடராயிற்று. மற்றொரு வாதம், மீனும் பறவையும் வௌவாலும் இவற்றைத் தின்னவில்லையா என்பது. தின்கின்றன, பசியால் தின்கின்றன. நம் விளக்கிற்குப் பசியில்லை.

இங்கே நம் இல்லங்களை நோக்கியும் ஒரு சொல் கூறவேண்டும். இரவுண்ணாமை நம் குடும்பங்களின் தலையாய நோன்புகளுள் ஒன்று. விளக்கொளியில் வந்து உணவிலும் தீயிலும் வீழும் சிற்றுயிர்களை எண்ணியே முன்னோர் அதனை வகுத்தனர். அன்று விளக்கு அகல்விளக்கு. உணவு முடிந்தால் அதன் தேவையும் பெரும்பாலும் முடிந்தது. இன்று பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்கிறோம். பின்னர் வாயிலிலும் மொட்டைமாடியிலும் வெள்ளொளி விளக்குகளை விடியுமட்டும் எரியவிட்டு உறங்கச் செல்கிறோம். காலையில் விளக்கின்கீழ்க் கிடப்பவற்றைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுகிறோம். உணவுக்கலத்தில் வீழாத உயிர் நம் கணக்கில் வாராதா? திருவிழாக் காலங்களில், ஏரிக்கரையையும் குளக்கரையையும் அடுத்த ஆலயங்களில் இரவெல்லாம் எரியும் விளக்குச்சரங்களைப்பற்றியும் சமூகப் பெரியோர் சிந்திக்கவேண்டும். முழுதும் நிறுத்துக என்பதன்று நம் வேண்டுகோள். எவ்வளவு நேரம், எத்திசை நோக்கி, எவ்வளவு ஒளி என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டுப்பார்க்கலாம்.

தஹிதோட்ஃபலு ஆய்வில் ஈடுபட்டவர்கள் குற்றம் கண்டுபிடித்ததோடு நின்றுவிடவில்லை. பூச்சிகள் எத்திசையிலிருந்து வருகின்றனவோ, ஆற்றின் கீழ்ப்புறமாகிய அத்திசையை நோக்கிப் பாலத்தில் வேறு விளக்குகளைப் பொருத்தி, அவற்றின் ஒளி நீர்ப்பரப்பில் விழுமாறு செய்தனர். மேல்நோக்கிப் பறந்துவந்த பெண்பூச்சிகள் அவ்வொளியால் நீரின்மேலேயே நிறுத்தப்பட்டன. தெருவிளக்கிற்கு ஏறி வருவன மிகக் குறைந்தன. முட்டைகள் ஆற்றில் சேர்ந்தன. 2017-இல் இம்முடிவு வெளிவந்தது.

இதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. அவ்விளக்கும் விளக்கே, பூச்சியை மயக்கித்தான் நிறுத்துகிறது. மேலும் பறந்திருக்கவேண்டிய தாய் அங்கேயே முட்டையிட்டுவிடுகிறது. ஆற்றின் மேற்பகுதிக்கு அது சென்று சேர்வதில்லை. மயக்கத்தை மயக்கத்தால் மாற்றுவது முழுமையான அறமாகுமா என்று கேட்டால், ஆகும் என்று துணிந்து கூற நம்மால் இயலவில்லை. தெருவிளக்குகளையே அந்த இரண்டு வாரம், அந்தியில் சில மணி நேரம் அணைத்துவைக்க முடியுமாயின் அதுவே மேல் என்று தோன்றுகிறது. ஆண்டின் மற்ற ஐம்பது வாரங்களில் அப்பாலம் வழக்கம்போல் ஒளிரலாம். அப்போது பூச்சிகள் ஆற்றடியில் முட்டைகளாகவும் வளைகளில் இளம்பூச்சிகளாகவும் இருக்கும்.